நாளும் ஓர் அதிகாரம்

முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். கோபித்துக் கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் வேதாகமம் இருக்கிறதா? கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் நிச்சயம் இருக்கும். அலமாரியின் மேல்தட்டில், வெள்ளைத் துணி சுற்றி, பத்திரமாக இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வீர்கள்: பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தாத்தாவின் பழைய படம், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை, அவசரத்துக்கு மடித்து வைத்த ஒரு பத்து வெள்ளி. சரி, அதைக் கடைசியாக வாசிப்பதற்காகத் திறந்தது எப்போது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபது ஆண்டுகள் இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். நான் போதகர் அல்ல. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லித் தரும் வாத்தியார். ஆகவே இதைப் பிரசங்கமாக எண்ண வேண்டாம். ஐந்தடியில் உட்கார்ந்து பேசும் பேச்சாக எண்ணிக் கொள்ளுங்கள்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கையெழுத்து வேண்டிய இடத்தில் கட்டைவிரல் வைத்தே காலத்தைக் கழித்தவர். எங்கள் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தபோது ஊரிலிருந்து கொண்டு வந்த வேதாகமம் ஒன்று வீட்டில் இருந்தது. அம்மா அதைத் துடைப்பார், கும்பிடுவார், வைப்பார். வாசிக்க மட்டும் முடியாது.

1986-ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. ஓரளவு சரளமாகத் தமிழ் வாசிக்கப் பழகியிருந்தேன். ஒரு நாள் இரவு அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“ஐயா, இதுல ஒரு அதிகாரம் வாசி. போதும். அதுக்கு மேல வேணாம்.”

எங்கள் தோட்டத்தில் அப்போது இரவு பத்து மணி வரைதான் எஞ்சின் கரண்டு. அம்மா விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பெரட்டில் நிற்க வேண்டும். ஆகையால் எட்டு மணிக்கு, சாப்பிட்டுத் தட்டுக் கழுவியவுடன் வாசிப்பு. அம்மா பாயில் சாய்ந்து, காலை நீட்டிக் கொண்டு கேட்பார். கடினமான சொல் வந்தால் நான் தடுக்கி விழுவேன். அதுவும் சும்மாவா? எங்கள் கையில் இருந்தது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. அதன் தமிழ் லயத்துப் பிள்ளைக்கு லேசில் வாய்க்குள் நுழையாது. ஆனால் நான் பிற்பாடு மொழிப் பாடத்தில் நல்ல புள்ளி வாங்கியதற்கும், ஆசிரியர் வேலைக்கு வந்ததற்கும் அந்த எட்டு மணி வாசிப்புதான் அடித்தளம் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. சம்பள நாளில் கொஞ்சம் ‘போட்டுக்கொண்டு’ வருவார். நாங்கள் வாசிக்கும்போது வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். கேட்கவில்லை என்றுதான் நினைத்தோம். யோனா தீர்க்கதரிசியின் கதையை வாசித்துக் கொண்டிருந்த வாரம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், வாசிக்கவில்லை. எட்டரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது: “என்னா இன்னைக்கு? அந்த ஆளு மீனு வயித்துலேருந்து வெளிய வந்தானா இல்லியா?”

அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

1995-இல் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துப் பட்டணம் போனேன். போவதற்கு முந்திய இரவு ரூத்தின் சரித்திரத்தில் இரண்டாம் அதிகாரம் வாசித்தேன். உங்களில் பலருக்கு அந்தக் கதை தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரூத் வேற்று நாட்டுப் பெண். கணவனை இழந்தவள். மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மனமில்லாமல் அவளுடனே பெத்லகேமுக்கு வருகிறாள். கையில் காசு இல்லை. அறுவடை வயலில், அறுப்பவர்களின் பின்னால் போய், சிந்திக் கிடக்கும் கதிரைப் பொறுக்குகிறாள். நிலத்துக்காரன் போவாஸ் அவள் உழைப்பைக் கண்டு, அவளுக்காகக் கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே சிந்த விடும்படி வேலையாட்களிடம் சொல்கிறான்.

அம்மா அதைக் கேட்டு, “நம்மள மாதிரி கூலிக்காரப் பொண்ணுதான்யா அவளும். நாம ஒட்டுப்பால் பொறுக்குறதில்லியா?” என்றார். பிறகு, “மிச்சத்தை நீ லீவுக்கு வரும்போது கேட்டுக்கிறேன்” என்று புத்தகத்தைத் துணியில் சுற்றினார்.

விடுமுறைக்கு வந்தேன். பட்டணத்துப் பையனாக வந்தேன். நண்பர்கள், பந்து விளையாட்டு, படம். அம்மாவும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்று வேறொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா டெலிபோனில் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி மறக்காமல் வரும்.

“தினம் வாசிக்கிறியாய்யா?”

“வாசிக்கிறேம்மா.”

வாசகர்களே, அது பொய். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்திய வாய், பெற்ற தாயிடம் வாரா வாரம் சொன்ன பொய்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சபதம் எடுப்பேன். ஆண்டுக்குள் முழு வேதாகமத்தையும் முடித்துவிட வேண்டும்! புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். நாளொன்றுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று அட்டவணை எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுவேன். வாத்தியார் அல்லவா, அட்டவணை போடுவதில் குறைவே இருக்காது!

ஆதியாகமம் கதை கதையாக ஓடும். யாத்திராகமத்தில் பாதி ஓடும். ஜனவரி முடியும்போது லேவியராகமம் வரும். பலி முறைகள், சுத்தம், அசுத்தம் பற்றிய சட்டங்கள். அங்கே வண்டி சேற்றில் மாட்டிக் கொள்ளும். ஒரு நாள் தவறும். மறுநாள் ஆறு அதிகாரம் கடன் நிற்கும். அதற்கு மறுநாள் ஒன்பது. கடன்காரனைக் கண்டவன் ஒளிந்து கொள்வதுபோல நான் அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்தேன். சீனப் புத்தாண்டு வரும்போது அட்டவணை சுவரில் இருக்கும், வாசிப்பு இருக்காது. இப்படி எத்தனை ஜனவரி என்று எண்ணவும் கூச்சமாக இருக்கிறது.

அப்பா 2014-இல் காலமானார். அம்மாவை என்னுடன் அழைத்து வந்தேன். இனிப்புநீர் வியாதி அவர் கண்ணைத் தின்றுவிட்டிருந்தது. வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும். 2015 ஜூலை மாதம் ஒரு நாள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் சொன்னார்:

“ஐயா, வேதப் புத்தகத்தை எடு. ரூத்து கதையில மூணாவது அதிகாரம். நீ காலேஜிக்குப் போற அன்னைக்கு ரெண்டுல விட்ட.”

எனக்குத் தொண்டை அடைத்துக் கொண்டது. இருபது ஆண்டுகள்! எழுதப் படிக்கத் தெரியாத தாய், விட்ட இடத்தை மனத்தில் அடையாளம் வைத்திருக்கிறார். படித்த மகன் எல்லா இடத்தையும் தொலைத்துவிட்டேன். அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை.

“அம்மா, நான் இத்தனை வருசமா வாசிக்கல. உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தெரியும்யா” என்றார். “வாசிக்கிறவன் என்னா வாசிச்சான்னு சொல்லுவான். நீ ஒரு நாளும் சொன்னதில்ல.”

நான் அட்டவணை போட்ட கதையை, கடன் ஏறிய கதையை எல்லாம் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

“மழ பேஞ்சா பால் வெட்ட மாட்டோம். மறுநாளு ரெண்டு நாள் வெட்டையும் சேத்து ஆழமா வெட்டுவோமா? மரம் கெட்டுப் போயிரும்யா. விட்ட கோட்டுலேருந்து மெல்லிசா ஒரு சீவு. அம்புட்டுதான்.”

பால் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிய பால் கோட்டு வழியே ஓடி மங்குக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே மழை நாளில் வேலை இல்லை. வெட்டும் நாளிலும் பட்டையை மெல்லியதாகத்தான் சீவ வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தின் உடம்பைத் தொட்டுவிடும். அந்தக் காயத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகக் கோடு போட முடியாது. மெல்லச் சீவியவன் மரத்திலோ பட்டை திரும்ப வளர்ந்து, சில ஆண்டு கழித்து மறுபடியும் பால் தரும்.

நான் செய்தது ஆழ வெட்டு. ஜனவரியில் மூன்றும் ஆறும் ஒன்பதுமாக வெட்டி, மரத்தைக் காயப்படுத்திவிட்டு, பால் வரவில்லையே என்று மரத்தின்மேல் குறை சொன்னேன்.

அன்று இரவு ரூத் மூன்றாம் அதிகாரம் வாசித்தேன். மறுநாள் நான்காவது. ரூத் போவாஸை மணந்து, தாவீது ராஜாவுக்குப் பாட்டனாராகிய ஓபேதைப் பெற்றாள் என்று வாசித்து முடித்தபோது அம்மா, “ஒரு கதை கேக்க இம்புட்டு வருசமா!” என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எட்டு மணி எங்கள் வீட்டில் மறுபடியும் எட்டு மணி ஆயிற்று. நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரம். அதை முடித்து அப்போஸ்தலர் நடபடிகள், நீதிமொழிகள், ஆதியாகமம், யாத்திராகமம் என்று போனோம். யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில் மன்னா கதை வரும். வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து உணவு கிடைக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொறுக்க வேண்டும். நாளைக்கு என்று மிச்சம் வைத்தால் புழுத்துப் போகும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. அதைக் கேட்டதும் அம்மா என் கையைத் தட்டினார். “பாத்தியா? நான் சொன்னதுதான இதுலயும் இருக்கு?”

பிறகு சங்கீதங்களைத் தொடங்கினோம். 119-ஆம் சங்கீதம்தான் வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம். 176 வசனம். எபிரெய மொழியின் 22 எழுத்துக்கும் ஒரு பகுதியாக, பகுதிக்கு எட்டு வசனம் என்று பிரித்திருக்கும். “இதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம்மா, நாளைக்கு ஒரு பகுதியாக 22 நாள் வாசிப்போம்” என்றேன். அம்மாவுக்கு அப்போது உடம்பு தளர்ந்திருந்தது. சரி என்றார்.

பதினான்காம் இரவு, பதினான்காம் பகுதி வாசித்தேன். முடித்ததும் வழக்கம்போல், “நாளைக்கு எங்கேருந்து?” என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக் கொண்டார். விடிகாலை நாலரை மணிக்கு, ஆயுள் முழுவதும் எழுந்த அதே நேரத்தில், அவர் எழவில்லை. அது 2016 செப்டம்பர்.

அடக்கம் முடிந்த இரவு வீடு நிறைய உறவினர். எட்டு மணி ஆனபோது எனக்குக் கை நடுங்கியது. வாசிப்பதா, வேண்டாமா? என் மகள் அப்போது பத்து வயதுப் பிள்ளை. துணியில் சுற்றியிருந்த புத்தகத்தைக் கொண்டு வந்து என் மடியில் வைத்து, “பதினஞ்சாவது பகுதிப்பா” என்றாள். அவளும் தினம் மூலையில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்திருக்கிறாள்! என்னால் வாசிக்க முடியவில்லை. அவள்தான் வாசித்தாள். மீதி எட்டு இரவும் அவள்தான் வாசித்தாள்.

2019 மார்ச்சில் நாங்கள் 1189 அதிகாரத்தையும் முடித்தோம். லேவியராகமத்தையும் கடந்துதான் வந்தோம். நாளுக்கு ஒன்றாகத் தவறாமல் வாசித்தால் மூன்று வருடம் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். எங்களுக்கு மூன்று வருடம் எட்டு மாதம் ஆயிற்று. இடையிலே காய்ச்சல், பரீட்சைத் தாள், பயணம், சில நாள் வெறும் சோம்பல். கூட்டிப் பார்த்தால் நான்கு மாதத்துக்கு மேல் மழை நாள்! ஆனால் ஒரு நாளும் கடன் வைக்கவில்லை. விட்ட கோட்டிலிருந்து ஒரு சீவு, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, புதிய நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். எங்களுக்குத் தட்டுக் கழுவுவது. உங்களுக்குக் காலைக் கோப்பியாக இருக்கலாம், பிள்ளையைப் பள்ளிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும் நேரமாக இருக்கலாம். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று சொல்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை.

இரண்டாவது, லேசானதில் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அரை மாதத்தில் முடியும். ரூத் நான்கு நாள், யோனா நான்கு நாள். நீதிமொழிகள் 31 அதிகாரம். இன்று தேதி என்னவோ அந்த அதிகாரத்தை வாசிக்கலாம். பழைய தமிழ் கடினமாக இருந்தால் 1995-இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ போன்ற இக்கால நடையில் உள்ள பெயர்ப்பை வைத்துக் கொள்ளுங்கள். அதில் தவறு ஒன்றுமில்லை.

மூன்றாவது, வாய்விட்டு வாசியுங்கள். கண் தெரியாதவர், எழுத்துத் தெரியாதவர், படிக்கட்டில் சுருட்டுப் பிடித்துக் கொண்டிருப்பவர், மூலையில் இருக்கும் பிள்ளை, எல்லாருக்கும் போய்ச் சேரும். வேறு மொழிப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள் இருந்தால் இந்நாளில் கைப்பேசியிலேயே வேதாகமத்தை ஒலியாகக் கேட்கலாம். ஆனாலும் வீட்டில் ஒருவர் குரலில் கேட்பதற்கு அது ஈடாகாது.

நான்காவது, முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இன்றைக்கு இதில் நமக்கு என்ன இருக்கிறது?” பெரிய விளக்கம் தேவையில்லை. என் அம்மா ரூத்தைக் கூலிக்காரப் பெண்ணாகக் கண்டாரே, அதுபோல ஒரு வாக்கியம் போதும். புரியாததைக் குறித்து வைத்துக் கொண்டு போதகரிடம் கேளுங்கள். எத்தியோப்பிய மந்திரி ஒருவர் தேரில் போகும்போது வாசித்துப் புரியாமல், பிலிப்புவிடம் கேட்டுத் தெரிந்து கொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. மந்திரிக்கே வெட்கமில்லாதபோது நமக்கென்ன?

இதைப் படிக்கும் இந்து அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். நல்ல தமிழுக்கு வேலி இல்லை. உங்கள் வீட்டில் தேவாரமோ திருக்குறளோ இருக்கும். குறளுக்கு 133 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். மெல்லச் சீவுகிற கத்திக்கு எந்தப் புத்தகமும் பால் தரும்.

அம்மா வேலை செய்த தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை. லயமும் இல்லை. அவருடைய வெட்டுக்கத்தியை மட்டும் நான் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் சுற்றும் முடியப் போகிறது. மகள் வெளியூரில் படிக்கிறாள். வாரம் ஒரு முறை டெலிபோனில் பேசும்போது, “தினம் வாசிக்கிறியாம்மா?” என்று நான் கேட்பதில்லை.

“இப்ப எங்க இருக்க?” என்று கேட்பேன். அவள் அதிகாரத்தைச் சொல்வாள். சில வாரம், “நாலு நாளா மழப்பா” என்பாள்.

“பரவாயில்ல. விட்ட கோடு ஞாபகம் இருக்கா?” என்பேன்.

இருக்கிறது என்பாள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு கோடு எங்கோ விட்டுப் போயிருக்கும். இன்று இரவு தட்டுக் கழுவியதும் அந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பாருங்கள். பிறப்புப் பத்திரத்தையும் பத்து வெள்ளியையும் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஓர் அதிகாரம் வாசியுங்கள். போதும். அதற்கு மேல் வேண்டாம்.